பாதி நாள் வேலை

ஜான்சியின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கல்யாணப் புடவையின் மடிப்பைக்கூட விடாமல் உதறிக்கொண்டிருந்தான் சகாயராஜ். சொந்த வீட்டிலேயே திருடனாட்டம் தேடும்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

அவன் தேடியது மகளிர் குழு லோன் அட்டையை. பெண்டாட்டி எங்கேயோ கடன் வாங்கிவிட்டாள், அது மட்டும் நிச்சயம்.

பின்னே? மரக்காணம் உப்பளத்தில் முழுக்கூலி வாங்கிய காலத்திலேயே மாசக் கடைசி என்றால் இழுபறிதான். இப்போது ஒன்றரை மாதமாக அவன் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. கேபிளை நிறுத்தியாயிற்று, அரை லிட்டர் பால் கால் லிட்டராயிற்று, காஸை மிச்சம் பிடிக்க சவுக்குச் சுள்ளியில் சோறு வேகிறது. எல்லாம் சரி, மகள் இலக்கியாவின் டியூஷன் பணமும் மளிகைக்கடை பாக்கியும் மட்டும் தேதி தவறாமல் எப்படிப் போகின்றன?

கேட்டால், "நீங்க குடுக்கிறதுலதான் பாத்துப் பாத்து ஓட்டுறேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை.

அதட்டிக் கேட்கவும் வாய் வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! அவன் மடியில் இருந்தது சின்னக் கனமா? ஒன்றரை மாதத்துக்கு முன்பே அவனையும் கூட வேலை பார்த்த எட்டுப் பேரையும் உப்பளத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"உப்பு வெல படுத்துடுச்சுப்பா. உங்களுக்குக் கூலி குடுத்துக் கட்டுப்படியாவல" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்கு வந்து, "இனிமே பாதி நாளுதான் வேல" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் சகாயராஜ். அன்றிலிருந்து விடியுமுன்னே பழையபடி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். உப்பளத்துக்கு இல்லை, கோட்டக்குப்பத்துக்கு. அங்கே கட்டட வேலை வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் பெரிது, மற்ற நாள் சவுக்குத்தோப்பில் உட்கார்ந்து பொழுதைத் தள்ளிவிட்டு வருவான்.

இன்று சிமெண்ட் லோடு வரவில்லை என்று பதினோரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் கீழ்புத்துப்பட்டுக் கடையில் கல்லுப்பு பாக்கெட் ஒன்று வாங்கினான். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமே கிடையாது, வேலை முடிந்து வரும்போது ரெண்டு கை அள்ளி வருவதுதான். வீட்டில் ஜாடி காலியானால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்தான்.

வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது, நிலைமேல் இருந்த சாவியை எடுத்துத் திறந்தான். லோன் அட்டையைத் தேட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

பெட்டியில் அட்டை இல்லை. சமையல்கட்டுக்குப் போய் முதலில் உப்பு ஜாடியைத் திறந்தான். விளிம்பு வரை உப்பு, லேசாகச் சேறு ஒட்டிய பழுப்புக் கல்லுப்பு. பக்கத்து வீட்டு சிவசங்கரி கொடுத்திருப்பாள் என்று நினைத்தபடி அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜான்சி வந்து நின்றாள், வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்னாங்க இது, பெட்டியெல்லாம் கொட்டி வச்சிருக்கீங்க?"

"எந்தக் குழுவுல லோன் வாங்கின? உண்மையச் சொல்லு!"

"லோனெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

"அப்ப நகைய அடகு வச்சியா?"

"வைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன நகை இருக்குது?"

"பின்ன எப்படிடி குடும்பம் ஓடுது? நான் குடுக்கிறது எவ்ளோன்னு எனக்குத் தெரியாதா?"

ஜான்சி குனிந்து, கொட்டிக் கிடந்த புடவையை மடிக்க ஆரம்பித்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சகாயராஜுக்குத் தோன்றியது.

"ஜான்சி, கடன் வாங்கியிருந்தா சொல்லிடு. அத என்னால அடைக்க முடியாது. பாதி நாள் வேலன்னு சொன்னதே பொய். உப்பளத்துலேர்ந்து என்னை அப்பவே நிறுத்திட்டாங்க" என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் அதிர்ச்சி அடைவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அருகில் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"தெரியுங்க."

"தெரியுமா? யாரு சொன்னா?"

அவன் முகத்தைப் பார்க்காமல் ஜான்சி சொன்னாள்:

"பாதிக் கூலிக்கு, உங்க எடத்துல என்னைத்தாங்க வச்சிருக்காங்க."