கத்தலைன்னா சம்மதம்

“எல்லாரும் அசையறாங்க. ஐயா மட்டும் ஏம்மா அசையல?”

திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து கேட்டார் அதிகாரியின் பி.ஏ. குனிவது அவருக்குக் கைவந்த கலை.

இன்று சாயங்காலம் அதிகாரிக்குப் பணி ஓய்வு விழா. கீழே ஹாலில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது. அதிகாரியின் அறை மூலையில் வைத்திருந்த கேமரா, காலையிலிருந்து தானாகவே படம் எடுத்துத் தள்ளியிருந்தது. அத்தனையையும் கோத்து, அவருடைய ஒரு நாளை ஒரு நிமிட வீடியோவாக விழாவில் ஓட்ட வேண்டும். அதற்காக வெளியிலிருந்து ஒரு எடிட்டர் பெண்ணை வரவழைத்திருந்தார்கள்.

“கேமரா எடுத்த ரா படங்களை, கை வைக்காம அப்படியே நம்பர் வரிசைப்படி இம்போர்ட் பண்ணிட்டேன் சார். ஒண்ணுகூட விடுபடல. காலையில ஐயா நல்லாத்தான் அசையறாரு. கொட்டாவி விடறாரு, காது குடையறாரு, யாரையோ ஃபைலால அடிக்க ஓங்கறாரு.”

“அது நான்தான்” என்றார் பி.ஏ. பெருமையாக.

“மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அசைவே இல்ல.”

“அது ஐயா தூங்கற நேரம்மா. இப்பவும் பக்கத்து ரூம்ல தூங்கிட்டுதான் இருக்காரு. பெல் அடிக்கிற வரைக்கும் என்னைத் தவிர யாரும் உள்ள போகக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டிடு.”

அவள் வெட்டப் போனாள். பி.ஏ. பதறிப்போய் அவள் கையைத் தடுத்தார்.

“இரு, இரு. இந்த இடம் வேணும். மெதுவா ஓட்டு.”

திரையில் பி.ஏ. ஒரு ஃபைலோடு வளைந்து நெளிந்து அறைக்குள் வந்தார். அதை மேஜையில் வைத்தார். கை கட்டி நின்றார். பிறகு மேஜையில் இருந்த அதிகாரியின் முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார். கும்பிட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியேறினார்.

“என்ன ஃபைல் சார் அது?”

“என்னோட பதவி உயர்வு. வருஷா வருஷம் கொண்டு போவேன். வருஷா வருஷம் ‘வெளியே போ’ன்னு கத்துவாரு. இன்னைக்குக் கடைசித் தடவையா, அவர் சாப்பிட்டதும் தூங்கறதுக்கு முன்னாடி வச்சுப் பாத்தேன், வாயே திறக்கல. கத்தலைன்னா சம்மதம். இந்த ஆபீஸ்ல அதான் சட்டம்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையான சந்தோஷம்தான்.

“நாளைக்குப் புது அதிகாரி வந்து, ‘நீயா குத்திக்கிட்டியா’ன்னு கேப்பாரு. வயித்தெரிச்சல் பிடிச்சவங்க வேற நிறையப் பேர் இருக்காங்க. ஐயா உக்காந்திருக்கறப்பவே குத்தினேன்னு இந்த வீடியோதான் சாட்சி. அத்தனை பேர் முன்னாடியும் இது ஓடணும்.”

“அவர் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.”

“ஐயா முகத்தையா? அதை நிமிர்ந்து பாத்த ஒருத்தன்கூட இங்க வேலையில இல்லம்மா. கேமராவுல இருந்து மெமரி கார்டை எடுக்கப் போனப்பகூட தரையைப் பாத்துக்கிட்டே போயிட்டு வந்தேன்.”

எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. கூலி இன்னும் வரவில்லை என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“ஆனா ஐயா முகம் ஒரே இருட்டா இருக்கேம்மா. பளிச்சுனு தெரிஞ்சாத்தானே மதிப்பு?”

“பின்னாடி ஜன்னல் வெளிச்சம் சார். ரா படம்தானே, இருட்டுல மறைஞ்சதையும் வெளியே கொண்டு வந்துடலாம்.”

அவள் வெளிச்சத்தைக் கூட்டினாள். நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. படங்களைப் பின்னால் நகர்த்தினாள், முன்னால் நகர்த்தினாள், மறுபடி பின்னால் போனாள்.

“எப்படி, ஐயா கம்பீரமா இருக்காரா?” பழக்க தோஷம், பி.ஏ. திரையிலும் அந்த முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

“சார், ஐயா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குவாரா?”

“சேச்சே, ஏன்?”

“சாப்பிட்டு முடிச்சதுல இருந்து ஒரு படத்துலகூட கண்ணு மூடல. உதட்டுல உக்காந்த ஈயையும் விரட்டல” என்றாள் அவள். “நீங்க முத்திரை குத்தினப்ப ஐயா உயிரோடயே இல்ல சார்.”