பால் பத்தவில்லை

பிரசவமான நாளிலிருந்து தமயந்தியின் கைபேசிக்குத் ‘தாய்த்துணை’ செயலியின் செய்திகள் வந்துகொண்டிருந்தன. பாலைப் பக்கம் மாற்றிக் கொடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று. அவள் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வீட்டில் பேசுவதையெல்லாம் அதுவே கேட்டுக்கொள்ளும்.

எதிர்வீட்டு சுகுணா அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள்.

“பையன் நல்லா கொழுகொழுன்னு இருக்கறானே! பால் நெறைய ஊறுதா கண்ணு?”

கண் பட்டுவிடுமே என்று தமயந்தி முகத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

“எங்கீங்க்கா, பையனுக்குப் பத்தறதே இல்லீங்க.”

உடனே கைபேசியில் செய்தி வந்தது.

“கவலை வேண்டாம் அம்மா. பால் அதிகமுள்ள ஒரு தாய் கிடைத்துவிட்டார். குழந்தையை அவரிடம் சேர்க்க வண்டி கிளம்பிவிட்டது.”

தமயந்தி கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். “ஐயோ, கண்ணு பட்டுருமுன்னு சும்மா சொன்னேனுங்க! பால் இருக்குதுங்க!”

“பிரிய மனமில்லாத தாய்மார்கள் இப்படித்தான் சொல்வார்கள். குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்து வையுங்கள்.”

சுகுணா அக்கா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழ, தமயந்திக்குப் பால் சுரந்து நைட்டியின் முன்பக்கமெல்லாம் நனைந்தது.

மறுபடியும் செய்தி வந்தது.

“பசியில் அழுகிறான் பாருங்கள் அம்மா. கதவை நாங்களே திறந்துகொள்கிறோம்.”