ஒரு சொட்டு சிந்தக்கூடாது

"யோவ், அதை அவ்வளவு இறுக்காதே!"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஜெரோமுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்க்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு வால்டர்தான். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து வேலிமேல் மோவாயை வைத்துக்கொண்டு இதே தொல்லை.

"வால்டர், இது என் கார். போய் உன் வீட்டுப் புல்லை வெட்டு."

முரட்டு எஞ்சின் பூட்டிய ஜெரோமின் சிவப்பு மசில் கார் என்றால் அமெரிக்காவின் ஹாம்ட்ராம்க் ஊரில் அந்தத் தெருவுக்கே செல்லம். எழுபதாம் வருஷத்து வண்டி. எஞ்சின் உறுமினால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்.

பல வருஷம் வாயே திறக்காமல் இருந்த வால்டர், போன வருஷத்திலிருந்து புதுப் பழக்கம் ஒன்று பிடித்திருந்தார். கார் உறுமியதுமே போலீஸுக்குப் போன். போலீஸ்காரர் வருவார், காரைச் சுற்றிச் சுற்றி ரசிப்பார், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், கடைசியில், "இன்னிக்கு மட்டும் வண்டியை உள்ளே விட்டுடுங்க சார், பக்கத்து வீட்டுக்காரர் கத்தறாரு" என்று கெஞ்சுவார். ஜெரோமின் ஞாயிற்றுக்கிழமை நாசமாகும்.

அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது காரின் சஸ்பென்ஷனுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்!

முன் சக்கரங்களைத் தாங்கும் பழைய ஸ்ப்ரிங்குகளையும் இரும்புக் கைகளையும் கழற்றிவிட்டு, ஜெரோம் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார். புதுசில் இறுக்கவும் இளக்கவும் ஒரு திருகு உண்டு.

"வளைவுல ரோட்டை ஒட்டிப் போகணும்யா. இறுக்கமாத்தான் இருக்கணும்."

"ரயில் தண்டவாளத்தைத் தாண்டறப்போ குலுங்குமே?"

"குலுங்கினா என் இடுப்புதானே குலுங்குது? உனக்கென்ன நோவு?"

வால்டர், "இதெல்லாம் ஒரு வேலை!" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கும் சமயம் பார்த்து மறுபடி வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம். விளிம்புவரை பீட்ரூட் சூப்.

"என்னய்யா, சமாதானமா?"

"பரீட்சை. இதை நான் மடியில வெச்சுக்கறேன். நீ தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டு. ஒரு சொட்டு சிந்தக்கூடாது."

"என் சீட்டு வெள்ளைய்யா! தண்ணியைக் கொண்டுவந்தா ஆகாதா?"

"தண்ணின்னா சிந்தவே இல்லன்னு சாதிப்பே. இது காட்டிக் கொடுத்துடும்."

"சரி, சிந்தலன்னா?"

"இனிமே போலீஸுக்குப் போன் பண்ண மாட்டேன். என் பொண்டாட்டி ஹலினா மேல சத்தியம்."

அடுத்த நொடி ஜெரோம் ஸ்டீயரிங் முன்னால் இருந்தார்.

தண்டவாளத்தில் முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. சூப் எழும்பி, வால்டரின் பேண்ட்டில் பாதி, முகத்தில் மீதி. சீட்டு எப்படியோ தப்பித்தது.

"ஃபெயில்," என்றார் வால்டர், மூக்கு நுனியில் சிவப்பாகச் சொட்டச் சொட்ட. "இளக்கு."

இளக்கினால் வளைவில் கார் படகு மாதிரி சாயும். இத்தனை பாடுபட்டதே அது சாயாமல் இருக்கத்தான். ஆனால் போலீஸ் தொல்லை அடியோடு ஒழியுமே! ஜெரோம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தார். பேண்ட் மாற்றிக்கொண்டு வந்த வால்டரும் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் இளக்கு."

"இதுக்கு மேல போனா இது காரில்லய்யா, தொட்டில்!"

"தொட்டில்தான் வேணும்."

புதுக் கிண்ணம், புது சூப். ஜெரோம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். தண்டவாளத்தில் கார் மெதுவாக ஒரு முறை அசைந்து கொடுத்தது. அவ்வளவுதான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பார்த்தியா!" ஜெரோம் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினார்.

வால்டர் சூப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். வீட்டு வாசல் வந்ததும், "எஞ்சினை நிறுத்தாதே. இரு," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

போனை எடுக்கத்தான் ஓடுகிறான், சத்தியமாவது கத்தரிக்காயாவது என்று ஜெரோம் கொதித்தார்.

கதவு திறந்தது. வால்டர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் அவர் மனைவி ஹலினா. போன வருஷம் முதுகில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து தெருவில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. இன்றைக்கு உதட்டில் சிவப்புச் சாயம், தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

இரண்டு பேருமாகத் தாங்கி அவரை முன் சீட்டில் உட்காரவைத்தார்கள்.

"ஜெரோம், எனக்காகப் பயந்து பயந்து ஓட்டக்கூடாது. ஊரே திரும்பிப் பார்க்கணும், ஆமா!" என்றார் ஹலினா.

ஜெரோம் கதவைச் சாத்திவிட்டு, வால்டரை ஓரமாக இழுத்துப் போனார்.

"வீட்டுல இப்படி ஒரு ரசிகையை வெச்சுக்கிட்டா போன வருஷம் பூரா போலீஸைக் கூப்பிட்டே?"

வால்டர் காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உன் வண்டி உறுமினாப் போதும், 'என்னையும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க'ன்னு ஸ்கார்ஃபைக் கட்ட ஆரம்பிச்சிடுவா. குலுங்கற வண்டியில ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அவகிட்ட 'முடியாது'ன்னு சொல்ற தைரியம் எனக்கு ஏதுய்யா? அதான், போலீஸ் வந்து சொல்லட்டும்னு விட்டுட்டேன்."