தடித்த பஞ்சின் பெருமை

நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த டிரவுசர் வாங்கப் போன கோதண்டம், தலையணை வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அளவாகப் பஞ்சு வைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே தடித்ததை எடுத்தார்.

அந்த டிரவுசருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போதே சைக்கிள் சீட்டிடம், “இனிமே உனக்கு வேலையே இல்ல தம்பி. எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்றது.

“ரொம்ப சந்தோஷம்ணே” என்றது சீட்டு.

அறுபதாவது கிலோமீட்டரில் பஞ்சு வியர்வையில் ஊறி, சுருண்டு, தொடையை அறுத்தது. கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மீதி வழி முழுக்க நின்றபடியே மிதித்தார்.

“பார்த்தியா? என்மேல உட்காரவே மாட்டேங்கிறார். அவ்வளவு மரியாதை!” என்று பூரித்தது டிரவுசர்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்கண்ணே” என்றது சீட்டு. “எனக்கு வேலையே இல்ல.”