திங்கட்கிழமைப் பழுது

"அம்மா, லெப்டொப் பழுது. அழுத்துற பட்டன் திரைக்குக் கீழ போய் மறைஞ்சிட்டுது. வாற கிழமை வாங்கோ."

தனேஸ்வரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். எதிரே நின்ற ரெங்கம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பும் கொஸ்லந்த பஸ்சுக்கு நேரமிருந்தது.

பதுளையில் அந்தப் பதிவாளர் அலுவலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஜீவராணிக்கு இது பொறுக்கவில்லை. அவளும் ரெங்கம்மாவைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். மண்சரிவில் புதைந்து, உடலும் கிடைக்காத மகளுக்கு மரணப் பதிவு செய்ய ரெங்கம்மா திங்கட்கிழமை தவறாமல் வருகிறாள். ஒவ்வொரு முறையும் இதே பதில்.

"மழையில அவ்வளவு தூரம் வர்றாங்க சேர். கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிக் குடுக்கலாமே."

"அதில ஓடுறது லினக்ஸ், பிள்ளை. திரைப் பிரச்சினை வந்தா லேசில தீராது. விடுங்கோ."

மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கும் திரை, திங்கட்கிழமை மட்டும் எப்படிக் கெடுகிறது? தோட்டத்துச் சனம் என்றால் இவருக்கு இளக்காரம்.

மேலதிகாரி அழைக்க, தனேஸ்வரன் எழுந்து போனார். ஜீவராணி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எழுத்துகள் பூதாகாரமாக இருந்தன. படிவத்தின் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கோளாறோ என்று பார்த்தாள். அதில் குறையில்லை. டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தாள். எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உள்ள ரெசலூஷன் அளவுகள் எல்லாமே இருந்தன. இருப்பதிலேயே குறைந்ததை யாரோ தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள்.

பழுதுமில்லை, ஒன்றுமில்லை. வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார்.

அவள் ஆகக் கூடிய அளவை அழுத்தினாள். திரை ஒருமுறை கறுத்து விழித்தது. எழுத்துகள் சிறுத்து, படிவம் முழுதாகத் தெரிந்தது. அடியில் 'உறுதிசெய்' என்ற பட்டன்.

"அம்மா, உள்ள வாங்க. சரியாயிருச்சு."

ரெங்கம்மா மெதுவாக வந்தாள்.

"மகள் பேரு துஷாந்தினி. சரிதானே?"

"ஆமாங்க."

"விலாசம் எல்லாம் சரியா?"

"சரிங்க."

ஜீவராணி அழுத்தினாள். துஷாந்தினியின் பெயருக்கு நேரே இருந்த 'காணாமற்போனவர்' மறைந்து, 'இறந்தவர்' என்று வந்தது.

ரெங்கம்மா மேசை விளிம்பைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த தனேஸ்வரன் திரையைப் பார்த்தார். தண்ணீர் எடுத்து வந்து ரெங்கம்மாவிடம் நீட்டினார்.

"மன்னியுங்கோ அம்மா."

"இப்ப மன்னிப்புக் கேட்டு என்ன சேர்? இத்தனை நாளா இவங்கள அலைய விட்டீங்களே."

"அவரை ஏசாதீங்க புள்ள," என்றாள் ரெங்கம்மா. "பதிவை முடிச்சிட்டு வா, காரியம் செய்யணும்னு எங்க வீட்டுக்காரருதான் அனுப்புறாரு. எனக்குத்தான் மனசு வரல. இன்னும் கொஞ்ச நாளைக்கு எம்புள்ள காணாமப் போனவளாவே இருக்கட்டும்னு ஐயாகிட்ட கெஞ்சினேன்."

"அதுக்கு லெப்டொப்பை எதுக்கும்மா மாத்தணும்?"

"வீட்டுக்காரருகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுனு சொன்னேன். அதனாலதான் நான் வர்ற அன்னிக்கு ஐயா நெசமாவே அதைக் கெடுத்து வச்சாரு."