காற்று போகும் பக்கம்

கோமகன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய ஜன்னல் ஏசி, உடம்புச் சூடு தெரியும் இடத்துக்கு மட்டும்தான் காற்றை அனுப்பும். கரண்ட் மிச்சமானது. அவன் மனைவி தமயந்தியின் மதியத் தூக்கம்தான் போனது.

ஏசி போட்டால் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்வது மாமனாரின் பழக்கம். போர்த்தியதும் அவர் சூடு ஏசிக்குத் தெரியாது. அதன் தகடுகள் கட்டிலை விட்டுத் திரும்பிவிடும். ஹாலிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் உடம்பு குளிர்ந்துவிட்டதோ என்று பயப்படுவாள். ஓடிப்போய் உலுக்குவாள்.

"இன்னும் உசுரோடதாம்மா இருக்கேன். கொஞ்சம் தூங்க விடேன்!" என்று சீறுவார்.

இன்றும் இரண்டு முறை உலுக்கி, இரண்டு முறை திட்டு வாங்கினாள். அப்புறம் எட்டிப் பார்த்தபோது கம்பளி காலடியில் கிடந்தது. தகடுகள் கட்டிலையே பார்த்து நின்றன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவள், பல நாள் கழித்து சாயங்காலம் வரை தூங்கினாள்.

எழுந்தபோதும் காற்று கட்டில் மேலேயே இருந்தது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"மாமா, காபி போடட்டுமா?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வீட்டுப் பூனை சோம்பல் முறித்து எழுந்தது. கட்டிலிலிருந்து குதித்து அவளிடம் வந்தது.

காற்றும் பூனையோடு வந்துவிட்டது. கட்டில் பக்கம் திரும்பவே இல்லை.