பசிப் பட்டை

மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அவள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று குத்தாலிங்கம் சபதம் எடுத்தார். முன்பெல்லாம் இந்த மாதிரிச் சபதங்களை மீன்குழம்பு வாசனை உடைத்துவிடும். இப்போது கழுத்தில் ஒட்டும் பட்டை வந்துவிட்டது. அது இருக்கும்வரை குடல் மூளையிடம் பசியைப் பற்றி வாயே திறக்காது. பேரனைப் பார்க்கக் கிளம்பும்போது புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டார்.

"பட்டையோட தின்னா செரிக்காது, பாத்துக்கிடுங்க" என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

"நான் ஏன் திங்கப் போறேன்?"

இருவரும் போய்ச் சேர்ந்ததும் மகள் வடிவு எதுவும் கேட்காமல் இலை போட்டாள்.

"எனக்குப் பசிக்கலம்மா" என்றார். அது உண்மைதான்.

"தெரியும்ப்பா. கழுத்துலயே இருக்கே. சும்மா உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தார். வடிவு சோறு வைத்துக் குழம்பு ஊற்றினாள். சின்ன வயதில் அவரோடு சண்டை போட்டுப் பிடுங்கித் தின்னும் மீன்தலையை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

குத்தாலிங்கம் சாப்பிட்டார். இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கினார். குழம்பில் உப்பு கம்மி என்றார்.

திரும்பும்போது பேருந்தில் வயிறு அம்மிக்கல்லாகக் கனத்தது. வள்ளியூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். பேச்சியம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"பட்டையப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னிருக்கலாம்லா?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"பிச்சிருந்தா, பசியில தின்னேன்னுல்லா நெனச்சிருப்பா."